வெள்ளையடித்த சனிக்கிழமை

ஓரிடத்தில் இரண்டு மாதம் இருந்தால் எனக்கு அந்த இடம் பிடிக்காமல் போய்விடும். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான், யாரும் துரத்தவில்லை. பிறகு வவுனியாவில் லொறிக்குச் சாமான் ஏற்றினேன். நுகேகொடையில் ஒரு செருப்புக் கடையில் நின்றேன். கடைசியில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கப் பழகி, வெள்ளவத்தையில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். கொட்டாஞ்சேனையில் படம் கீறப் பழக்குகிற ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது அப்போதுதான்.

பள்ளிக்கூடம் என்றால், முன்பு சாமான் அடுக்கி வைத்த, இடிக்கப்போகிற ஒரு பழைய கிட்டங்கி. ஓவியக் கல்லூரியில் சலித்துப்போய் வெளியே வந்த ஒரு பெண்ணும் அவளுடைய நண்பனும் அதை மூன்று கிழமைக்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள். சுவரில் பிடித்திருந்த பூஞ்சணத்தைச் சுரண்டிக் கொடுக்கத்தான் நான் போனேன். சுரண்டி முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கே இரண்டு விதிகள். படிக்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு நாள் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தையல்காரர் ஒருவர் சோக்கட்டியால் சட்டைக்கை வரைந்து காட்டினார். வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டுகிற சிங்கள அண்ணை ஒருவர் மூங்கிலை வளைக்கப் பழக்கினார். மற்ற விதி, பெரிய சுவரில் அன்றன்று வரைந்ததை அன்றன்றே வெள்ளையடித்து அழித்துவிட வேண்டும். நல்ல படமென்றாலும் அதற்கு விலக்கில்லை. என்னிடம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அதனால் வெள்ளையடிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டு, என்னுடைய நாளை மூன்று முறை தள்ளிப்போட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து என்னோடு ரயிலில் வருகிற அன்ரி ஒருவர் இருந்தார். கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் கோப்புக் கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருவார். கடைசிக் கிழமையில் உண்மையைச் சொல்லிவிட்டார். அவருடைய கணவர் இரண்டு நாள் கதைக்கவில்லையாம். மூன்றாம் நாள், அப்படி என்னத்தைக் கீறுகிறாய், சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன் என்றாராம்.

வெள்ளிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் ஹெந்தளையில் ஒரு வீட்டுக் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கப் போய்விட்டேன். போனில் சார்ஜும் இல்லை. அன்றைக்குப் பெரிய சுவரில் கீறுவது அன்ரியின் முறை. ரயில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளை மெழுகுக் கலர்க்கட்டியால் கீறி, கரியால் நிழல் போட்டிருக்கிறார். அவருடைய கணவர் பார்க்கட்டும் என்று, அந்த ஒரு படத்தை மட்டும் அழிக்காமல் வைப்பதென்று எல்லோரும் முடிவெடுத்திருக்கிறார்கள்.

நான் சனிக்கிழமை காலை ஆறரைக்கே வந்து, வெள்ளையடிக்கிறவனென்று என்னிடம் தந்திருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். முந்தின நாள் வேலையை விட்டுவிட்டுப் போன குற்ற உணர்ச்சி. நான் வராததால் அழிபடாமல் கிடந்ததென்று நினைத்து, சுவரில் இருந்த கைகளைப் பார்த்தேன். நல்ல கைகள். சுண்ணாம்பைக் கரைத்து மேலிருந்து கீழே இழுத்தேன்.

ஏழரைக்கு அன்ரி பிளாஸ்கோடு வந்து நின்றார்.

"தம்பி, இதை வைக்கிறதெண்டு நேற்றுத்தானே முடிவெடுத்தது."

"நான் நேற்று வரேல்லை அன்ரி."

"ஓம். அது தெரியுது."

 அவர் கதிரையில் இருந்துகொண்டு சுவரைப் பார்த்தார். நான் பையை எடுத்துத் தோளில் போட்டேன். புறக்கோட்டைக்கு நடந்தால் எட்டரைக்குள் ஏதாவது ஒரு பஸ் இருக்கும். எந்த ஊர் என்று கூட யோசிக்கவில்லை.

"வெளிக்கிட்டாச்சோ?" என்றார் அன்ரி. "அப்ப அவர் வந்து படம் எங்கையெண்டு கேட்டா நான் ஆரைக் காட்டுறது?"

திரும்பும்போதுதான் சுவரைக் கவனித்தேன். சுண்ணாம்பு காயத் தொடங்கிய இடத்தில் ஒரு விரலின் கோடு ஈரமாக, மங்கலாகத் தெரிந்தது. எத்தனையோ வீடுகளில், சமைக்கிற குசினிச் சுவரில் இதைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். எண்ணெய் பட்ட சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அன்ரி கீறின மெழுகிலும் பிடிக்காது. இறுகுவதற்குள் துடைத்தால் கழன்றுவிடும்.

பையை இறக்கினேன். வந்துசேர்ந்த ஐந்து பேருக்கும் சொன்னேன்: சுண்ணாம்பு கையைக் கடிக்கும், சொப்பிங் பையைக் கையில் மாட்டுங்கள். துணியை நன்றாகப் பிழியுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுங்கள், ஒருக்கா ஒற்றினால் துணியைத் திருப்புங்கள். தையல்காரர் தேய்த்தார், நான் அவரை ஏசினேன். பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய பெண் துடைத்துக்கொண்டே, "உங்கட நாள் இண்டைக்குத்தான் போல" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பத்து மணிக்கு விரல்கள் வந்துவிட்டன. கரி நிழல் சுண்ணாம்போடு போய்விட்டது. மணிக்கட்டுகளிலும் கம்பியிலும் சுண்ணாம்பு இறுகிவிட்டது. வெள்ளைச் சுவரில் கோடு கோடாக விரல்கள் மட்டும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன.

அன்ரியின் கணவர் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"மிச்சம் எங்கை?"

"மிச்சத்தை இந்தத் தம்பி வெள்ளையடிச்சவர்," என்றார் அன்ரி. "இருக்கிறதைப் பாருங்கோ."

அவர் மறுபடி பார்த்தார். ஒரு விரலுக்குப் பக்கத்தில் தன்னுடைய விரலைத் தொடாமல் பிடித்துப் பார்த்தார்.  பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியை அன்ரி ஊற்றிக் கொடுக்க, வாங்கிக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னாலேயே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

அன்றைக்கு நான் பஸ் ஏறவில்லை. திங்கட்கிழமை கிட்டங்கியைப் பூட்டி, திறப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஏறினேன்.