கெடாத குடல்வால்

ஆஸ்பத்திரிப் பைக்குத் துணி மடித்தவர் மெக்கானிக்கேதான். மனைவி மடித்தால் ஓரத்தோடு ஓரம் சேராது என்பது அவர் கட்சி. எழுபத்திரண்டு வயதில் நாற்பத்தைந்து வருடம் தண்ணீர் மோட்டார்களைப் பிரித்துப் பூட்டியே கழிந்திருந்தது. பழுது எதுவானாலும், திறந்த மோட்டாரில் பேரிங்கையும் மாற்றிவிட்டுத்தான் மூடுவார். அதே வேலைக்கு இரண்டாம் தரம் ஒரு வீட்டுப் படி ஏறுவது அவருக்கு மானக்கேடு.

பித்தப்பையில் கல். இரண்டு தடவை வலியில் சுருண்டுவிட்டார். இன்று சேர்ந்தால் நாளைக் காலை ஆபரேஷன். வார்டில் டாக்டரம்மா சம்மதப் படிவத்தை நீட்டியபோது மெக்கானிக் பேனாவை வாங்கவில்லை.

“எப்படியும் வயித்தத் தொறக்கப் போறீங்க. அப்படியே குடல்வாலையும் எடுத்துருங்கம்மா.”

“அது நல்லாத்தானே இருக்கு ஐயா? ஸ்கேன்ல பாத்தாச்சே.”

“நல்லா இருக்கும்போதே மாத்திடணும்.”

“மாத்த எங்கிட்ட ஸ்பேர் இல்லையே!” சிரித்தபடி டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உங்க வயசுல இனிமே அது தகராறு பண்றது ரொம்ப அபூர்வம். சும்மா கெடக்குறத வெட்டினா சீழ் பிடிக்கலாம், மயக்கத்துலயும் கூடுதலா நேரம் இருக்கணும். லாபத்தவிட வம்புதான் அதிகம். நான் எடுக்க மாட்டேன்.”

“அப்ப நானும் கையெழுத்துப் போடல.”

படிவத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு டாக்டரம்மா அடுத்த படுக்கைக்குப் போனார். மனைவி மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“வாத்தியார் வீட்டு மோட்டார் மறந்துபோச்சா? நல்லா ஓடின பேரிங்க மாத்தி, புதுசு பத்தே நாள்ல கத்துச்சே!”

“அது சரக்கு மோசம்.”

“உங்க வயித்துக்கு மட்டும் யாரு கேரண்டி தர்றா? இன்னொரு தடவ வலி வந்தா உசுருக்கே ஆபத்துன்னு சொல்லியாச்சு. இவரு பேரம் பேசுறாரு.”

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தம்பி இருபத்தாறு வயதில் குடல்வால் வெடித்துச் செத்தவன். வயிறு வலிக்கிறது என்று வந்தவனிடம், “சோடா குடிச்சுட்டுப் படுடா” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியவர் இவர்தான். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

சாயங்காலம் நர்ஸ் வந்து, கையெழுத்து இல்லையென்றால் நாளைய முறை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாள். மெக்கானிக் படிவத்தை எடுத்தார். ‘பித்தப்பை மட்டும்’ என்றிருந்ததை இரண்டு தரம் படித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் போனதும் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

“அன்னிக்கே நான் அவனக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பான், இல்ல?”

மனைவி பிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. இருந்தாலும் வெந்நீர் வாங்க எழுந்து வெளியே போனாள்.