ஆறாம் சுற்றுக்கு ஒரு சைக்கிள்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் நான் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கலாக வருகிறது, பில் ஏன் இவ்வளவு என்று ஊரே வந்து என்னிடம் கத்திவிட்டுப் போகும். இன்னொரு நாற்காலி காலி. அதில் அக்காவை உட்கார வைத்துவிட வேண்டும் என்று மேற்பார்வையாளர் முடிவோடு இருந்தார். உட்கார மாட்டேன் என்று அக்கா அதைவிடப் பெரிய முடிவோடு இருந்தாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு முட்டி தேய்ந்துபோயிருந்தது. அந்த நிலையிலும் ஒற்றைக் காலில்தான் நின்றாள்.

அக்கா என்றால் எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. மீட்டர் படிக்கிறவள். 'ஆறாம் சுற்று அக்கா' என்றால்தான் அலுவலகத்தில் தெரியும். ஆறாம் சுற்று என்பது நீர்த்தேக்கத்தை ஒட்டிய மேட்டுக் குடியிருப்பு. தொண்ணூற்றாறு வீடுகள், தொண்ணூற்றாறு மீட்டர்கள். கீழே சிமெண்டுச் சாலை, நடுவில் சரளைக்கல் பாதை, மேலே போகப் போக மரவேர்கள் குறுக்கே ஓடும் மண் தடம். கரையில் மோட்டார் வண்டி வரக்கூடாது என்று இரும்புச் சங்கிலி கட்டியிருக்கும். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த மற்ற மீட்டர் வீரர்கள் யாரும் அதனால் அந்தச் சுற்றைக் கேட்டதில்லை. அக்கா பத்தொன்பது வருடம் நடந்தே படித்தாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவாள். சுற்றுக்கு ஐந்து மணி நேரம் என்பது விதி.

மீட்டர் படிப்பதில் ஒரு சங்கதி உண்டு. முகப்பில் கருப்பு எண்கள் சில, சிவப்பு எண்கள் சில இருக்கும். கருப்பு முழு அலகு, சிவப்பு அதன் சில்லறை. பில்லுக்குக் கருப்பு மட்டும்தான். வேலைக்குச் சேருகிறவர்களை வரிசையாக நிற்கவைத்து மேற்பார்வையாளர் முதல் நாளே ஓதுவார். "கருப்பை எழுது, சிவப்பைக் கண்ணால கூடப் பாக்காதே. முழுசா ஆகாதது நம்ம ஆபீஸ் கணக்குல சேராது." அக்காவின் கண் அதற்கே பழகிப்போனது. சிவப்பில் எழுதியிருந்தால் திருமணப் பத்திரிகையில் தேதியைக்கூடத் தாண்டிப் போய்விடுவாள் என்று அவள் கணவர் கேலி செய்வார். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர்.

முட்டி போனதும் ஐந்து மணி நேரம் ஆறானது, பிறகு ஆறரை ஆனது. "இறக்கத்துல நடக்காதீங்க" என்றார் டாக்டர். "வேணும்னா சைக்கிள் மிதிங்க, முட்டிக்கு அது நல்லதுதான்." அவர் சொன்னதில் அக்கா காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்.

மேற்பார்வையாளர் அவளை அழைத்தார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. நிழல்ல உக்காந்து வேலை பாருங்க." உங்கள் நல்லதுக்கு என்று தொடங்கும் பேச்சு யாருடைய நல்லதில் போய் முடியும் என்று எனக்கா தெரியாது? ஆறாம் சுற்றை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைக்க அவர் மேசையில் தாள் தயாராக இருந்தது.

"அஞ்சு மணி நேரத்துல முடிச்சா சுற்று எனக்குத்தானே சார்?"

"முட்டியை வச்சுக்கிட்டா?"

"முட்டி என்னோடது சார். நீங்க பதில் சொல்லுங்க."

அவர் சிரித்தார். அடுத்த மாதச் சுற்றை ஐந்து மணி நேரத்தில் முடித்தால் சுற்று அவளுக்கு, முடியாவிட்டால் நாற்காலி என்றார். எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதியும் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தது எனக்கு இன்றும் எரிகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் தோற்றால் நன்றாயிருக்கும் என்று எனக்கும் ஓர் ஓரத்தில் ஆசை இருந்தது. பக்கத்தில் பேச ஒரு ஆள் கிடைக்குமே. அவளிடமே ஒருநாள் சொல்லிவிட்டேன். "இங்க உக்காந்தா நாலே மாசத்துல சுவரோட பேச ஆரம்பிச்சிடுவேன்" என்றாள். பதினோரு வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவளிடம் சொல்கிற பேச்சா அது? கோபம் வந்தது. ஆனாலும் சைக்கிள் வாங்கப் போகும்போது கூடவே போனேன்.

அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களை அவள் ஒருவர் விடாமல் மறித்திருந்தாள். மீட்டரைப் படிப்பதுபோலக் குனிந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்துக் கேள்வி கேட்பாள். பதில் சொல்லாமல் தப்பித்தவர்கள் குறைவு. கேட்டதையெல்லாம் பழைய மீட்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள். இரண்டு மாதச் சம்பளம் வரை செலவு, அதற்கு மேல் கிடையாது. அந்த விலைக்குள் எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தாள் முழுக்க.

சைக்கிள் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முன்னால் கூடை வைத்த வண்டி ஒன்றை உருட்டி வந்தார். "லேடீஸ்க்கு இதுதான் நல்லா போகும்."

"நான் காய் வாங்கப் போகலை. மலை ஏறப் போறேன்."

அடுத்து, முன்னாலும் ஸ்பிரிங், பின்னாலும் ஸ்பிரிங் வைத்த ஒன்றைக் காட்டினார். சோபா மாதிரி இருக்கும், விலையும் கம்மி என்றார். அக்கா ஏறி உட்கார்ந்து மிதியை ஒரு அழுத்து அழுத்தினாள். வண்டி முன்னால் போகாமல் கீழே அமுங்கியது.

"என் மிதி மேட்டுல ஏறணும். ஸ்பிரிங்குக்குள்ள போய் ஒளிஞ்சுக்கக் கூடாது. அதோட, இந்த விலைக்கு ரெண்டு ஸ்பிரிங்னா ரெண்டுமே மட்டமாத்தான் இருக்கும். எனக்கு முன்னால ஒண்ணு போதும், அது நல்லதா இருக்கட்டும். ஹார்ட்டெயில் காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கும் அந்த வார்த்தை அன்றுதான் தெரியும். முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக் என்கிற குலுக்கல் தாங்கி இருக்கும், பின்பக்கம் விறைத்த சட்டம், கெட்டி வால் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

"அதெல்லாம் பசங்க ஓட்றதும்மா" என்றார். அக்கா தாளை விரித்தாள். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பெரிதும் சிறிதுமாகப் பதினொன்று, செங்குத்து மேட்டில் மிதி இளகி வர வேண்டும். பிரேக் எண்ணெயில் இயங்கும் டிஸ்க்காக இருக்க வேண்டும், இறக்கத்தில் ஒரு விரலில் நிற்க வேண்டும். சிமெண்டில் போகும்போது முன் ஷாக்கைப் பூட்டவும் வேர்மேல் போகும்போது திறக்கவும் முடிய வேண்டும். டயர் அகலம், ஆனால் டிராக்டர் மாதிரி பல் வேண்டாம், பாதி வழி சிமெண்டுச் சாலைதானே. சீட்டு, மிதி, பெயிண்ட் எதுவானாலும் சரி, அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஷாக்கையும் பிரேக்கையும் பிறகு மாற்றப்போனால் புது வண்டி விலை ஆகும்.

கடைக்காரர் தாளை எட்டிப் பார்த்தார். ஆனாலும் நக்கலை விடவில்லை. வரிசையில் நின்ற நீல வண்டியின் அட்டையை அக்கா குனிந்து படித்தாள். ஷாக், பிரேக், பல்சக்கரம், விலை எல்லாம் தாளோடு பொருந்தின.

"இதைக் குடுங்க."

"அது உங்களுக்கு ஆகாதும்மா."

"ஏன் ஆகாது? அதையும் பாத்துடறேன். பில் போடுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு பில் போட்டார். ஒரு மணி நேரமாக அது ஆகாது, இது ஆகாது என்று கேட்டுக் கேட்டு எனக்கே ரத்தம் கொதித்திருந்தது. அக்கா வண்டியை ராணி மாதிரி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் எல்லோரும் பார்க்க ஏறினாள். ஏறிவிட்டாள். நிறுத்திக் காலூன்றப் பார்த்தபோது தரை எட்டவில்லை. வண்டியோடு சரிந்து விழுந்தாள். நல்லவேளை, நல்ல முட்டிப் பக்கம். மேற்பார்வையாளர் ஜன்னலில் நின்று சிரித்தார். புதிதாகச் சேர்ந்தவர்களும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். சட்டத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அட்டை என் கண்ணில் பட்டது. கருப்பில் எழுதியிருந்ததற்கெல்லாம் கீழே, சிவப்பில், கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக: 'பெரிய அளவு. ஆறடி உயரத்தினருக்கு.'

அக்கா ஐந்தடி ஒரு அங்குலம்.

"கண் டெஸ்ட் பண்றவன் பொண்டாட்டி அட்டையைப் படிக்காம வந்திருக்கா. இதை வெளியில சொன்னா எங்க கடைக்கு யார் வருவா?" என்றார் கணவர். அன்று மாலை நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். பிறகு தைலம் எடுத்து வந்து அவரே அவள் முழங்கையில் தேய்த்துவிட்டார். "வண்டிக்கு வாலுதான் கெட்டின்னு நெனச்சேன். உனக்கு மண்டையும் கெட்டி. திருப்பிக் குடுத்துட்டு வேற வேலையைப் பாரு."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அட்டையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சிவப்பு" என்றாள். "சிவப்பைப் பாக்காதேன்னு ஓதி ஓதி ஆபீஸ்ல அந்தப் பாவி மனுஷன் என் கண்ணையே கெடுத்து வச்சிருக்கான்."

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனாள். நானும் போனேன். கடைக்காரர் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தார். அக்கா விடவில்லை.

"அட்டையைப் படிக்காதது என் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா நீங்க அன்னிக்கு முதல்லேர்ந்து லேடீஸ், பசங்க, கூடைன்னு பேசிட்டு, கடைசியில ஆகாதுன்னு மட்டும் சொன்னா நான் எதைன்னு எடுத்துக்கறது? உங்க உயரத்துக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்ல? அது உங்க தப்பு. நீங்களும் ஒத்துக்கோங்க."

கடையில் வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். கடைக்காரர் அசடு வழிந்தார். அதே வண்டியில் சின்ன அளவு ஒன்றுதான் மீதம் இருந்தது. போன வருடத்துச் சரக்கு, யாரும் தொடாத கடுகு மஞ்சள் நிறம். இம்முறை அவரே அவளைச் சட்டத்தின் மேல் கால் போட்டு நிற்கச் சொல்லி, இடையில் நாலு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். சீட்டை இடுப்பெலும்பு உயரத்துக்கு வைத்து, மிதி கீழே போகும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சரிசெய்தார். "இப்படி வச்சா முட்டி வலிக்காதும்மா" என்றார். அந்த 'அம்மா'வில் நக்கல் இல்லை.

இரண்டு வாரம் தினமும் காலையில் பழகினாள். முதல் வாரம் சரளையில் இரண்டு முறை சறுக்கினாள். இரண்டாம் வாரம், வேர்களுக்கு முன்னால் எழுந்து நின்று மிதிக்கக் கற்றுக்கொண்டாள். அலுவலகத்தில் அவளுக்குக் 'கடுகு' என்று புதுப் பட்டம் விழுந்தது. அவள் அதையும் வண்டி மணியில் எழுதி ஒட்டிக்கொண்டாள்.

சுற்று நாள் வந்தது. எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் தானே நேரத்தைப் பதிவேட்டில் குறித்தார். பன்னிரண்டரைக்கெல்லாம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புகார் சொல்ல வந்தவரிடம் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலிக்கு யாரும் வர வேண்டாம், அவள் ஜெயித்தால் போதும் என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு மணி அடித்தது. வாசல் காலி. மேற்பார்வையாளர் அந்தக் காலி நாற்காலியை ஒரு துணியால் துடைத்தே விட்டார்.

ஒன்று ஏழுக்கு மஞ்சள் வண்டி வாசலில் வந்து நின்றது. முகமெல்லாம் புழுதி. தொண்ணூற்றாறு எண்களும் தாளில் இருந்தன.

"எண்பத்தி ரெண்டாவது வீட்ல மீட்டர் மூடி மேல செங்கல் அடுக்கி வச்சிருந்தாங்க" என்றாள் மூச்சு வாங்க. "எறக்கி வச்சுட்டுப் படிச்சேன்."

"பேசாம போன மாசத்தைப் பாத்து ஒரு குத்துமதிப்பா எழுதியிருக்கலாமே?" என்றார் மேற்பார்வையாளர்.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள் கூட அப்படி எழுதினதில்லை சார்."

"சரி, அது உங்க பெருமை. நேரம் என்ன ஆச்சு? அஞ்சு மணி நேரம் ஏழு நிமிஷம்." அவர் புதியவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார். "அஞ்சு மணி நேரம், ஏழு நிமிஷம்."

அக்கா அவர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அஞ்சு கருப்பு சார். ஏழு சிவப்பு. முழுசா ஆகாதது நம்ம ஆபீஸ் கணக்குல சேராதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

முதலில் சிரித்தது புதியவர்களில் ஒருவர். பிறகு வரிசையே சிரித்தது. போன மாதம்தான் அவர்களை நிற்கவைத்து அவர் அதை ஓதியிருந்தார். மேற்பார்வையாளர் பதிவேட்டை இழுத்துக்கொண்டார். பேனாவை எடுத்து நேரக் கட்டத்தில் ஐந்து என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் அதில் என் கைப்பையை வைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிள் கடைக்கு நான் தனியாகப் போனேன். அட்டையில் முதலில் சிவப்பைத்தான் படித்தேன்.