கடை ஃபோனில் பேசிய குரல்

ஹட்டனில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் விபரமுள்ள மென்பொருளையும் எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளையும் கோடிங் எழுதாமலே நானே இணைத்தேன். ரிப்போர்ட் வந்ததும் வாடிக்கையாளருக்கு ஃபோன் கோல் தானாகப் போய்த் தமிழில் பேசும். ஒரே துள்ளல் எனக்கு!

மறுநாளே அக்கரப்பத்தனை தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா வந்து நின்றார்.

"எனக்கு ஃபோன் ஏது தங்கச்சி? தோட்டத்துக் கடை நம்பரத்தான குடுத்தேன். கடைக்காரரு ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு. என் பேரச் சொல்லி, கர்ப்ப டெஸ்ட் ரிப்போர்ட் வந்திருச்சுன்னு ஒங்க மெஷின் கத்துது! ரெண்டு தடவ கலைஞ்சதால வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லாம இருந்தேன். இப்ப எங்க லயத்துல உள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும்."

மன்னிப்புக் கேட்டேன். இணைப்பை அப்போதே நிறுத்தினேன். ஆனால் கைவிடவில்லை, மாற்றி அமைத்தேன்.

இப்போது நம்பர் வாங்கும்போதே, "இது ஒங்க சொந்த ஃபோனுங்களா?" என்று கேட்டுப் பதிகிறேன். இல்லையென்றால் குரல் போகாது. நானே பேசி, "அவங்கள ஒருக்கா எங்களுக்கு கோல் எடுக்கச் சொல்லுங்க" என்பதோடு வைத்துவிடுகிறேன்.