லேமினேட் செய்த கடிதம்

வேன்காரம்மா வங்கிக்குப் போனது புது வண்டிக்குக் கடன் கேட்க. இருபத்திரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் அவளுடைய வேனுக்குப் பதினான்கு வயது. பதினைந்து முடிந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஒரு வருஷத்துக்குள் வேறு வண்டி வராவிட்டால் பிழைப்பு போச்சு. கணவன் போன பிறகு ஒன்பது வருஷமாக அந்த ஸ்டியரிங்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுகிறது.

கடன் பிரிவில் இருந்த பெண் அதிகாரிக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"கடனை ஒழுங்காக் கட்டுறவங்களான்னு பார்த்துப் போடுற ஸ்கோர், உங்களுக்கு ரொம்பக் கீழ இருக்கும்மா. பழைய கிரெடிட் கார்டு ஒண்ணு நிக்குது."

"அதைக் கட்டி முடிச்சு மூணு வருஷமாச்சு மேடம். லெட்டரே வெச்சிருக்கேன்."

வைத்திருந்தாள். மழையில் நனைந்துவிடக் கூடாது என்று லேமினேட் செய்து, வண்டியின் இன்சூரன்ஸ் காகிதத்தோடு வைத்திருந்தாள். பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது அந்தக் கார்டைத் தேய்த்துத்தான் வீடு நடந்தது. பாக்கி வட்டியோடு சேர்ந்து எண்பதாயிரம் ஆனதும், நகையை விற்று, கட்டிவிடச் சொல்லி அண்ணன் கையில் கொடுத்தாள். பத்து நாளில் அவர் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "உன் கணக்கு முடிஞ்சது, போய் நிம்மதியாத் தூங்கு" என்றார். அவளும் தூங்கினாள்.

அதிகாரி கடிதத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் படித்தாள். "முடிஞ்சதுன்னு மேல போட்டிருக்கு. கீழ படிச்சீங்களா? முப்பத்திநாலாயிரம் வாங்கிக்கிட்டு மீதியை விட்டுட்டாங்க. இதுக்குப் பேரு செட்டில்மென்ட். முழுசாக் கட்டாத ஆளுன்னு உங்க பேர்ல குறி விழுந்திருக்கு."

"நான் குடுத்தது எண்பதும்மா."

"யார்கிட்ட குடுத்தீங்க?"

"ஒரு ஆள்கிட்ட" என்றாள். அண்ணன் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அதிகாரி மேலே கேட்கவில்லை. இருக்கிற வழியைச் சொன்னாள். "கடைத்தெருவுல சாதா கார்டு தர்றேன்னு கூப்பிடுவாங்க. இந்த ஸ்கோருக்குக் குடுக்கிறவன் வருஷக் கட்டணம், வட்டி ரெண்டையும் தீட்டிடுவான். அவன் தரலைன்னாலும் நீங்க கேட்டது பதிவாகும், ஸ்கோர் இன்னும் இறங்கும். அதுக்கு டெபாசிட் கார்டு தேவலை. முப்பதாயிரம் டெபாசிட் போட்டா, கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கார்டு தருவோம். டெபாசிட்டுக்கு வட்டியும் உண்டு. கார்டுல டீசல் மட்டும் போடுங்க, மாசாமாசம் முழுசாக் கட்டுங்க. அந்தத் தகவல் ஸ்கோர் போடுற இடத்துக்குப் போகும். விட்டுப்போன பழைய மீதியையும் கட்டி அந்தக் குறியை மாத்தப் பாருங்க. ஒரு வருஷத்துல வேன் கடன் கிடைக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

"நான் கட்டலைன்னா?"

"டெபாசிட்டுல எடுத்துக்குவோம். பேரும் கெடும்."

அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் ஒருத்தி பேசினாள்.

அண்ணன் கடை பக்கத்துத் தெருவில். ஜெராக்ஸ் எடுப்பார், வங்கிக்கும் ஆபீசுக்கும் போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவார். ஊரே அவரை ஃபாரம் அண்ணன் என்றுதான் கூப்பிடும். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் என்ன ஆகும் என்பது அவருக்கு அத்துப்படி.

"டெபாசிட் கார்டா?" என்று சிரித்தார். "நம்ம காசை அவன்கிட்ட குடுத்துட்டு, அதையே திரும்பக் கடன் வாங்கறதா? உன்னை மாதிரி ஏமாளி கிடைச்சா விடுவானா? எனக்குத் தெரிஞ்ச ஏஜெண்ட் இருக்கான். டெபாசிட்டே இல்லாம சாதா கார்டு வாங்கித் தரச் சொல்றேன்."

"ஏமாளிதான் அண்ணே. எண்பதுல முப்பத்திநாலு போக மீதி எங்க?"

ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "யார் சொன்னா?" என்றார்.

எந்த மீதி என்று அவர் கேட்கவில்லை. அது போதும் அவளுக்கு.

"இங்க பாரும்மா, அலைஞ்சு பேரம் பேசிக் குறைச்சவன் நான். அது என் சாமர்த்தியம். கடைக்குத்தானே போட்டேன், குடிச்சா அழிச்சேன்?"

அவருக்குப் பின்னால் கலர் மெஷின் யாருக்கோ கல்யாணப் பத்திரிகையைத் துப்பிக்கொண்டிருந்தது. கடிதம் கைக்குக் கிடைத்த அடுத்த வாரம் அது வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, அவள்தான் அதை ஏற்றிக்கொண்டு வந்தாள். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அண்ணன் முன்னேறுகிறார் என்று வழியெல்லாம் சந்தோஷம் வேறு.

"என் பேர் கெடும்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"நீ எங்க மறுபடி கடன் வாங்கப் போறேன்னு நெனச்சேன்."

வரிசையில் நின்ற கிழவர் தன் படிவத்தைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாற்பத்தாறாயிரம் எனக்கு வேணும்."

"இப்பவே கேட்டா? கூடப் பொறந்தவன்கிட்ட கந்துவட்டிக்காரன் மாதிரி நிக்கறியே."

"கந்துவட்டிக்காரன்கிட்ட கையெழுத்தாவது வாங்கியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளில் அவர் ஏழு முறை போன் செய்தார். வண்டி ஓட்டும்போது அவள் போனை எடுப்பதில்லை. ஓட்டாதபோதும் எடுக்கவில்லை. புது வேனுக்கு முன்பணம் என்று சேர்த்ததில் முப்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் மதியம் வங்கிக்குப் போனாள்.

படிவம் நான்கு பக்கம். வாசலில் நின்ற வாட்ச்மேன், "பக்கத்துத் தெருவுல நிரப்பித் தர ஆள் இருக்காரும்மா. கைராசிக்காரர்" என்றார்.

"தெரியும்" என்றாள்.

அவள் ஒருநாளும் தன் படிவத்தைத் தானே நிரப்பியதில்லை. முதல் படிவத்தில் பிறந்த தேதியைக் கையெழுத்துப் போடும் இடத்தில் எழுதிவிட்டாள். இரண்டாவது படிவத்தில் அடித்தல் திருத்தல். மூன்றாவதை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பொடி எழுத்து உட்பட ஒரு வரி விடாமல் படித்தாள். புரியாத இடத்தில் எழுந்துபோய்க் கேட்டாள். ஐந்தாவது முறை போனபோது, சளிக்கார அதிகாரியே பேனாவும் கையுமாக அவளுக்காகக் காத்திருந்தாள்.

"இந்தக் கட்டம் எதுக்கும்மா?"

"குடும்பத்துல வேற யாருக்காவது இதே கணக்குல இன்னொரு கார்டு வேணுமான்னு கேக்குது. அண்ணன், தம்பி, யாருக்கு வேணும்னாலும்."

வேன்காரம்மா பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தின் குறுக்கே இரண்டு கோடு போட்டாள். கீழே கையெழுத்திட்டு, படிவத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டாள். வங்கி மெஷினிலேயே எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.