பேரவை மிச்சம்பிடித்த நேரம்

உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசுகிற ஒரு பேரவைக்குச் சில வருடங்களாக நான் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். கொல்லங்கோட்டில் என் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். மின்விசிறிச் சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, தமிழில் பேசுகிறவர்களின் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபின் கிடைத்த வேலை. அந்தப் பேரவைமேல் எனக்கு மரியாதை இருந்தது. ஒரு கூட்டத்தை முழுக்கக் கேட்டதும் போய்விட்டது.

முன்னால் பேசியவரை ஆமோதிக்கிறேன் என்று ஒருவர் தொடங்குவார். அவர் சொன்னதையே திரும்பச் சொல்லி, தலைவருக்கு நன்றி கூறி உட்காருவார். அடுத்தவர் இவரை ஆமோதிப்பார். இப்படியே போனால் ஒன்றும் நடக்காது என்று அவர்களுக்கே ஒருநாள் உறைத்தது. உடனே, பேரவையைத் திறம்பட நடத்துவது எப்படி என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவின் வேலை இழுத்தடித்தது. அதை விரைவுபடுத்த ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்று அவர்கள் அடித்துக்கொண்டதை நானே காதால் கேட்டேன்.

கடைசியில் வழி கண்டுபிடித்தார்கள். தலைவர் ஒன்றை முன்வைப்பார், யாரும் மறுத்துப் பேசாவிட்டால் அது நிறைவேறிவிட்டது. கை தூக்க வேண்டாம், வாக்கெடுக்க வேண்டாம், மேசையில் சுத்தியலால் ஒரு தட்டு போதும். இணையம் வழியாகப் பேச வருகிறவர்களின் மைக்கையும் பேர் கூப்பிடும்வரை அங்கிருந்தே அடைத்து வைப்பதென்று முடிவானது. இருமலும் சேவல் கூவுவதும் பேரவையின் நேரத்தை வீணாக்குகிறதாம்.

இந்த ஏற்பாடு நடப்புக்கு வந்தபின் கூடிய முதல் கூட்டத்தில் பேசுவதற்கு எங்கள் தெருக்கோடி அக்காவை அழைத்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மாந்தோப்புகளில் பூச்சிமருந்து அடித்தவர். நரம்பெல்லாம் போய், இப்போது சட்டைப் பொத்தானைக்கூட அக்காதான் போட்டுவிட வேண்டும். அவர் விட்ட வேலையை மகன் பிடித்துக்கொண்டான். அதே மருந்துதான். அதைத் தயாரிக்கிற நாடுகள் தங்கள் மண்ணில் அடிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டு நமக்கு விற்கின்றன. அப்படி விற்பதை நிறுத்துவதா என்று அன்று பேரவை முடிவு செய்ய வேண்டும். முடிவானால் இந்தப் பூப்பருவத்துக்கே கடைக்குச் சரக்கு வராது என்று அழைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அக்கா சலவைச் சேலை கட்டிக்கொண்டு என் மாடி அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங் டீச்சர், எத்தன சொன்னாலும் பையன் கேக்க மாட்டேங்கறானுங்க. வேற வேல எங்கிருக்குதுங்கறான். கடையிலயே மருந்து இல்லீன்னா எதைய அடிப்பான்? அதைய மட்டும் அவியளுக்கு நல்லா வெளங்கறாப்புல சொல்லிப் போடுங்க."

சொல்கிறேன் என்றேன். எங்கள் முறை நெருங்கியபோது தலைவர் தொண்டையைச் செருமினார். நேரத்தைக் கருதி, பாதிக்கப்பட்டவர்கள் பேசுவதற்குப் பதிலாக எழுதி அனுப்பட்டும், அதைப் படித்தபின் இந்த மருந்து விஷயத்தை அடுத்த வருடக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பேசக் காத்திருக்கிறவர்களில் யாருக்காவது மறுப்பு உண்டா என்றும் கேட்டார்.

எங்கள் மைக்கை அடைத்து வைத்ததே அவர்கள்தான். நான் "உண்டு, உண்டு" என்று கத்தினேன். கண்ட பொத்தானையெல்லாம் அமுக்கினேன். என் வாய் அசைவது திரையின் ஏதோ ஒரு மூலையில் தெரிந்திருக்கும். பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.

"மறுப்பில்லை, நன்றி" என்று தலைவர் சுத்தியலைத் தட்டினார்.

இதை மடத்தனம் என்றால் மடையர்களுக்கு இழுக்கு. எங்கள் ஊர்க் கிராம சபையை நான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவள் இல்லை. அங்கே நாற்காலி பறக்கும், சாயா வந்ததும் தீர்மானம் பாதியில் நிற்கும். ஆனால் ஒருத்தர் வாயைப் பொத்திவிட்டு, உனக்குச் சம்மதம்தானே என்று கேட்கிற அளவுக்கு எங்களுக்கு இன்னும் புத்தி முற்றவில்லை.

மிச்சம்பிடித்த நேரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு நாடும் மைக்கை வாங்கி, நேரத்தை மிச்சம்பிடித்ததற்காகத் தலைவரைப் பாராட்டியது. அக்கா தன்னைக் கூப்பிடுவார்கள் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவிய என்னங்க சொல்றாங்க?"

"நீங்க பேச வேண்டாம்னு ஒத்துக்கிட்டீங்களாம், அக்கா. அடுத்த வருசம் பாத்துக்கலாங்கறாங்க."

"நா எப்பங்க ஒத்துக்கிட்டேன்?"

பேரவை அலுவலகத்தில் என் வேலையை மேற்பார்வையிடுகிற அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். நடந்தது தவறென்றால் அடுத்த கூட்டத்தில் எழுப்பலாமாம், யாருக்கும் மறுப்பில்லை என்றால். போனை வைத்துவிட்டேன்.

பிறகு மா பூத்தது. ஒருநாள் காலையில் மகனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு அக்கா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"டீச்சர், அன்னைக்குச் சொல்றதுக்குன்னு வெச்சிருந்ததைய இப்பச் சொல்றனுங்க. அதைய அப்படியே இங்கிலீசுல சொல்லுங்க. எப்படி இருந்திருக்கும்னு கேக்கோணும்."

அக்கா சொன்னார். நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் புரியாமல், நான் முடிக்கும்வரை நின்று கேட்டார். தோப்புப் பக்கம் மருந்தடிக்கிற மிஷினை முடுக்கிவிட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று நான் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்தது.