வாசல்வரை வந்த அக்கா

என் அக்கா பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள். ஒருமுறை வந்த காய்ச்சல் விட்டும் சோர்வு விடவில்லை, வருடக்கணக்காகிறது. சீப்பைத் தூக்கினாலே உயிர் போய் உயிர் வருகிறது.

புது டாக்டரைப் பார்க்கப் போகுமுன் வாரம் முழுக்கப் படுத்துத் தெம்பைச் சேர்த்துவைப்பாள். தொழில்காரியாயிற்றே, கிளம்பும்போது நான் அவளுக்கு எடுத்துவிடும் வகிடு கோணினால் திட்டுவாள். பளிச்சென்று போய் உட்காருவாள். எல்லா டாக்டரும் பாடுவது ஒரே பாட்டுத்தான்: "நல்லாத்தானேம்மா இருக்கீங்க. தினம் நடங்க." நடந்தாள், மறுநாள் கரண்டி பிடிக்கவும் முடியவில்லை.

எனக்கு ஆத்திரம். "அடுத்த தடவை முன்னாடியே படுத்துத் தெம்பு சேக்காதக்கா. இருக்கிற கோலத்தோட வா, அவங்க கண்ணால பாக்கட்டும்."

அடுத்த டாக்டரைப் பார்க்க அப்படியே கிளம்பினாள். வாசலில் ஒரு செருப்பை மாட்டினாள். மற்றதை மாட்டுமுன் சுவரோடு சரிந்தாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"நேர்ல வந்தாத்தான் பாக்க முடியும்" என்றார்.