திரையில் ஓடிய துடிப்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் என் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். நானும் அன்று அந்தக் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி அறையில் வேலை. டாக்டர் வாய் வழியாக வயிற்றுக்குள் குழாயை இறக்குவார். அவர் "திற" என்றால், குழாய்க்குள் போகும் சின்னக் கிடுக்கியை அக்கா திறப்பாள். "மூடு" என்றால் மூடுவாள். பரிசோதனைக்கு எள்ளளவு சதை வரும். வயிற்றின் உட்சுவரைக் கிள்ளினால் வலிக்காது. அதற்கு அந்த உணர்வே கிடையாது.

அத்தான் அப்போது துரும்பாக இளைத்துப்போயிருந்தார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற மனுஷன், தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தார். இரண்டு முறை குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வாரம்தான் புதுக் கருவி வந்து இறங்கியது. ஐந்நூறு மடங்கு பெரிதாக்கும். வெட்டி எடுக்காமலே உயிரணுக்களைக் காட்டிவிடும். அக்கா டாக்டர் காலில் விழாத குறை. முதல் ஆளாக அத்தானைப் படுக்க வைத்தார்கள்.

மயக்க மருந்தில் அத்தான் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். இதயத் துடிப்பைச் சொல்லும் கருவி நிதானமாக ஒலித்தது.

பீப்... பீப்... பீப்...

திரையில், சாயம் பட்ட சதை பச்சையாக ஒளிர்ந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது லேசாக அதிர வேண்டும். அதிர்ந்தது. ஆனால் பீப்போடு சேரவில்லை.

வேகமாக... மிக வேகமாக... ஓடி வந்தவர் நெஞ்சு அடிப்பதுபோல.

டாக்டர் துடிப்புக் கருவியின் ஒயரைப் பார்க்கச் சொன்னார். ஒயர் சரியாகத்தான் இருந்தது. அக்கா அத்தானின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பீப் சொன்னதுதான் சரி.

"இதோ" என்றார் டாக்டர்.

வரிசையாக நின்ற உயிரணுக்களின் நடுவே ஒரு சின்ன இடம் மட்டும் தாறுமாறாகக் கிடந்தது. அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. திரையில் துடிப்பு இன்னும் எகிறியது.

பீப்... பீப்...

"திற."

திறந்தாள்.

"மூடு."

மூடினாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய். ஆரம்ப நிலை. வீடே இடிந்துபோனது. அந்த இடத்தை அகற்ற, அன்றே அத்தானை மறுபடி படுக்க வைத்தார்கள்.

டாக்டர் தேடினார்... தேடிக்கொண்டே இருந்தார். கிடுக்கி கடித்த புண் அதற்குள் ஆறியிருக்காது. ஆனால் அத்தான் வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா கையுறையைக் கழற்றித் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அன்று திரையில் ஓடிய அதே வேகம்.

"டாக்டர்... எனக்குப் போட்டுப் பாருங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"பாருங்க. நேத்துலேருந்து நான் ஒண்ணும் சாப்பிடல."

டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார். அக்காவின் வயிற்றில் கிடுக்கி கடித்த புண் இருக்கிறதாம். ஆறத் தொடங்கிய புண். சுற்றிலும் அதே தாறுமாறான உயிரணுக்கள்.

அக்காவின் வயிற்றுக்குள் அதற்குமுன் ஒருமுறைகூடக் குழாய் போனதில்லை.